நூற்று எழுபத்தெட்டில் ஒரு கொத்து

இரண்டாவது பிளேட் கொத்து பரோட்டா பாதியில் இருக்கும்போது கஜபதியின் இடது மணிக்கட்டில் வாட்ச் வெடவெடவென்று உதறியது. கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கண்ணாடிக்குள் சிவப்பாக ஒரு இதயம் விட்டுவிட்டு மின்னியது. அதற்குக் கீழே 178.

கஜபதிக்கு ஐம்பத்தோரு வயது. திருத்தணி சித்தூர் ரோட்டில் பரந்தாமன் டிபன் கடையில் பத்தொன்பது வருடமாகப் பரோட்டா மாஸ்டர். இரண்டு கையிலும் இரண்டு இரும்புத் தகட்டைப் பிடித்துக்கொண்டு பரோட்டா, முட்டை, வெங்காயத்தை அவர் கொத்த ஆரம்பித்தால் அந்தச் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும். மலையிலிருந்து சாமி கும்பிட்டு இறங்குகிறவர்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே கடைக்கு வந்து சேர்வார்கள். கடைக்கு போர்டு கிடையாது. இருந்த போர்டு ஒரு காற்றில் விழுந்தது. மாஸ்டர் கை இருக்கும்போது போர்டு எதற்கு என்று முதலாளி பரந்தாமன் அதைத் திரும்ப மாட்டவில்லை.

வாட்ச் உதறி முடிப்பதற்குள் போன் அடித்தது. மகள் யுவஸ்ரீ. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் ஜாகை.

"நைனா, கைய நிறுத்து. உக்காரு முதல்ல. தண்ணி குடி."

"ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கறேன்."

"நூத்தி எழுபத்தெட்டு நைனா. நல்லா இருக்கறவங்களுக்கு இவ்ளோ அடிக்காது."

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. போன சித்திரையில் கஜபதி தவா முன்னாலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, அந்த அனலில் தண்ணீர் குடிக்காமல் நின்றால் யாராக இருந்தாலும் விழத்தான் செய்வார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் யாருக்கும் அந்தப் பதில் போதவில்லை. மயங்கி விழுந்தவனுக்குப் பெரிதாக ஒரு வியாதி பெயர் சொல்லாவிட்டால் நம் ஜனங்களுக்குத் திருப்தி வராது.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமைதான் கஜபதியின் மனைவி சந்திராவுடைய அண்ணன் வெங்கடேசன் இந்த வாட்சைக் கொண்டுவந்து கொடுத்தார். அரக்கோணத்தில் ஒரு அபார்ட்மென்ட்டில் நைட் வாட்ச்மேன் அவர். டப்பா இல்லாமல், கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். டப்பா பஸ் நெரிசலில் நசுங்கிப் போனதாகச் சொன்னார். வாட்சின் அடியில் பச்சை விளக்கு ஒன்று இருக்கிறது, அது தோலுக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்த்து நெஞ்சு நிமிஷத்துக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்று சொல்லிவிடும் என்று அவர்தான் விளக்கினார். பத்தாம் வகுப்போடு நின்றவர் இவ்வளவு விஷயம் தெரிந்து வைத்திருக்கிறாரே என்று சந்திராவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வாட்சோடு ஒரு யோசனையும் கொண்டுவந்திருந்தார்.

"உனுக்கு எதுக்கு மாப்ள இந்த நெருப்புல வேல? எங்க அபார்ட்மென்ட்டுக்கு வந்துடு. நாற்காலி உண்டு, ஃபேன் உண்டு. நான் பேசி முடிச்சிட்டேன்."

ஒரு நீலச் சட்டையையும் விசிலையும் கூடவே கொடுத்துவிட்டுப் போனார். சட்டை அவருடைய பழைய யூனிபார்ம். கஜபதிக்கு வயிற்றுப் பக்கம் பட்டன் எட்டவில்லை. எட்டாத சட்டையை சந்திரா துவைத்து, இஸ்திரி போட்டு, வாசற்கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்தாள். வீட்டை விட்டு வெளியே போகும்போதெல்லாம் அது கஜபதியைப் பார்த்தது.

வாட்சைத் தன் போனோடு இணைத்தவள் யுவஸ்ரீ. நூற்று நாற்பதைத் தாண்டினால் அவளுக்குச் செய்தி வரும். மூன்று தடவை தாண்டினால் தவாவை விட்டுவிட்டு மாமா சொன்ன வேலைக்குப் போய்விட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். சும்மா சொன்னால் நைனா நழுவிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். கடை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், மலையைப் பார்த்து, கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். திருத்தணிக்காரன் மலையைப் பார்த்துச் செய்த சத்தியத்தை மீறமாட்டான். மீறினால் தினமும் அதே மலைக்குக் கீழேதானே பிழைக்க வேண்டும்.

ஆக, திங்கட்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்கு முதல் தடவை முடிந்தது. இன்னும் இரண்டு பாக்கி.

கஜபதிக்கு உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது. அதுவரை நெஞ்சு என்று ஒன்று இருப்பதையே அவர் நினைத்ததில்லை. இப்போது சும்மா நிற்கும்போதுகூட உள்ளே ஏதோ தட்டுவதாகத் தோன்றியது. செத்துப் போவது ஒரு பயம். சாகாமல் அந்த நாற்காலியில் பன்னிரண்டு மணி நேரம் உட்காருவது அதைவிடப் பெரிய பயம். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மெதுவாகக் கொத்திப் பார்த்தார். ஒரு தட்டு, ஒரு மூச்சு, இன்னொரு தட்டு. வாட்ச் சமர்த்தாக நூற்றுப் பத்தில் நின்றது. ஆனால் பரோட்டா உதிரவில்லை, சதுரம் சதுரமாகக் கிடந்தது. சத்தம் பக்கத்துப் பூக்கடையைக்கூடத் தாண்டவில்லை. வாரம் தவறாமல் வருகிற நகரி பஸ் டிரைவர் ஒருவர் கடைக்குள் எட்டிப் பார்த்து, கஜபதியின் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

"ஏமண்ணா, மாஸ்டர் லேதா?"

மாஸ்டர் இல்லையா என்று மாஸ்டரிடமே கேட்டால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? டிரைவர் பதிலுக்குக் காத்திருக்காமல் எதிர்க்கடைக்குப் போனார். பஸ்ஸில் வந்த கூட்டம் மொத்தமும் அவர் பின்னாலேயே போனது.

பரந்தாமன் அன்றைக்கு ஏற்கெனவே கடுப்பில் இருந்தார். தினமும் காலையில் கடைக்கு வந்து பார்த்தால், ராத்திரி மிஞ்சின பரோட்டாவில் இரண்டு குறைகிறது. ஒரு மாதமாக இப்படி. பெருச்சாளி என்று பொறி வைத்தார். பொறியில் ஒன்றும் விழவில்லை, பரோட்டா மட்டும் குறைந்துகொண்டே இருந்தது. அந்தக் கோபத்தோடு கஜபதியிடம் வந்தார்.

கஜபதி விஷயத்தைச் சொன்னதும் முதலாளிக்கு இரக்கம் வந்தது. கூடவே யோசனையும் வந்தது. முதலாளிகளுக்கு இரக்கம் வந்தாலே கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும்.

"இதயம் எடது பக்கம் இருக்குது. வாட்சயும் எடது கையிலயே கட்டினா பக்கத்துலேர்ந்து பலமாத்தான் கேக்கும். வலது கைக்கு மாத்துங்க. தூரமாப் போயிடும், கொறச்சலா காட்டும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. புதன்கிழமை வலது கைக்கு மாற்றி, வேர்க்கிறதே என்று பட்டையையும் ஒரு ஓட்டை தளர்த்திக் கட்டிக்கொண்டார். கஜபதியின் வலது கைக்கு ஒரு பழக்கம் உண்டு. இடது கை ஒன்று கொத்தினால் வலது கை ஒன்று கொத்திவிட்டு, நடுநடுவே தவா விளிம்பில் சும்மா ஒரு தட்டும் தட்டும். கூட்டம் நிற்பதே அந்தத் தட்டுக்காகத்தான். வாட்ச் தொளதொளவென்று ஆட, எண்ணெயும் வேர்வையும் அடியில் புகுந்துகொள்ள, மூன்றாவது பிளேட்டில் எண் 204 என்று வந்து நின்றது.

யுவஸ்ரீ அம்மாவுக்குப் போன் செய்தாள். சந்திரா குளுக்கோஸ் கரைத்த பாட்டிலும் கையுமாக முருகப்பா நகர் வீட்டிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தாள். நடுக்கடையில் வைத்துப் புருஷனுக்குப் புகட்டினாள். சாப்பிட வந்தவர்கள் பரோட்டாவை விட்டுவிட்டு அதைப் பார்த்தார்கள்.

இரண்டு தடவை முடிந்தது. அன்றைக்கு டியூட்டிக்குப் போகிற வழியில் வெங்கடேசன் கடைக்கு வந்தார். கட்டை விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அபார்ட்மென்ட் கேட்டில் மாட்டிக்கொண்டதாம். 204 என்று கேட்டதும் உச்சுக் கொட்டினார். தவாவைச் சுற்றி நிற்கிற கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தினி பேரு உன்னப் பாக்கறாங்க மாப்ள. எங்க கேட்டாண்ட வர்ற நாய்கூட என்னத் திரும்பிப் பாக்காது" என்றார்.

பிறகு பரந்தாமனிடம் போய், கஜபதி நின்றுவிட்டால் கவலைப்பட வேண்டாம், நல்ல ஆளாகத் தானே பார்த்துத் தருவதாகத் தைரியம் சொல்லிவிட்டு அரக்கோணம் பஸ் ஏறினார். இப்படி ஒரு மச்சான் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பரந்தாமனே சொன்னார்.

வியாழக்கிழமை தற்செயலாக ஒரு வழி பிறந்தது. கை கழுவுவதற்காகக் கஜபதி வாட்சைக் கழற்றி, சாயங்கால பஜ்ஜிக்கு வாங்கிவைத்திருந்த வாழைக்காய்ச் சீப்பின் மேல் வைத்தார். திரும்பி வந்து எடுக்கப் போனால் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. எண் 72.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். எழுபத்திரண்டுதான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு வாழைக்காயைப் பிய்த்து, அதன் இடுப்பில் வாட்சை இறுக்கிக் கட்டினார். எழுபத்து நான்கு. பிறகு எழுபத்து மூன்று. அழகான, குடும்பத்துக்கு ஏற்ற இதயம்.

வாழைக்காய்க்கு ஏது நெஞ்சு என்று அவர் அங்கேயே யோசித்திருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் அப்படி யோசிக்கவில்லை. மூன்று நாளாகத் தன் கையில் இருந்ததால் தன் நாடி வாட்சுக்குப் பழகிவிட்டது, அதை வைத்துக்கொண்டு ஓட்டுகிறது என்று முடிவுகட்டினார். சத்தியத்தையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தார். நூற்று நாற்பதை மூன்று முறை தாண்டினால் வேலையை விடுகிறேன் என்றுதான் சொன்னது. வாட்ச் எதன் மேல் இருக்க வேண்டும் என்று பேச்சே வரவில்லை. மலைப் பக்கம் பார்க்காமல் வாழைக்காயை அலமாரியில், உப்பு டப்பாவுக்குப் பின்னால் படுக்க வைத்தார்.

அன்றைக்குக் கஜபதி கொத்தினது ஒரு கொத்து. இந்த நெஞ்சு எந்த நிமிஷமும் நின்றுவிடலாம், நிற்கிறவரைக்கும் நாம் நாமாக இருப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கொத்தினார். நகரி பஸ் டிரைவர் ரோட்டைத் தாண்டித் திரும்பி வந்தார். கஜபதிக்கு நடுநடுவே கண் கலங்கியது. வெங்காயம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

யுவஸ்ரீ போனில் குதித்தாள். வேலை நேரத்தில் எழுபத்து மூன்று. ஓட்டப்பந்தய வீரர்களுக்குத்தான் இப்படி இருக்குமாம். குளுக்கோஸ்தான் காரணம் என்று சந்திரா சொன்னாள். சந்தோஷப்படாத ஒரே ஆள் வெங்கடேசன். வெள்ளிக்கிழமை போன் செய்து துருவித் துருவிக் கேட்டார்.

"எழுபத்திமூணா? கொத்திக்கினு இருக்கறப்பவா? அது எப்டி மாப்ள வரும்? சரியாக் கட்டிக்கினியா?"

"ஆங், இறுக்கித்தான் கட்டிக்கிறேன் பாவா."

அதில் பொய் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை கிருத்திகை. மலைப் படியில் ஆரம்பித்துக் கடைத் தெரு முழுக்கத் தலைதான். கிருத்திகை என்றால் கடையில் முட்டை கிடையாது, காய்கறிக் கொத்துதான். அதற்கே இருபது பேர் நின்றார்கள். பஜ்ஜிக்குக் கூட்டம் தனி. ஐந்து மணிக்கே வாழைக்காய் தீர்ந்துபோனது.

கடையில் காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் ஜெயம்மா. விடியற்காலையில் சாவி வாங்கிக் கடையைத் திறந்து கழுவிவிடுகிறவளும் அவள்தான். யாராவது கேட்டால் பேசுவாள், கேட்காவிட்டால் நாள் முழுக்க வாயைத் திறக்கமாட்டாள். பஜ்ஜிக்கு இன்னும் ஒரு காயாவது கிடைக்காதா என்று தேடினவள், உப்பு டப்பாவுக்குப் பின்னால் வாட்ச் கட்டின வாழைக்காயைக் கண்டெடுத்தாள்.

"ஐய, இந்த வாட்சு இங்கயா இருக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தவாச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. வாட்சைக் கழற்றி ஓரமாக வைத்தாள். காயைத் தோல் சீவி, வில்லை வில்லையாக நறுக்கி, கறுத்துப் போகாமலிருக்கத் தண்ணீரில் போட்டாள். ஓரமாக வைத்த வாட்ச் முழங்கை பட்டு அதே தண்ணீரில் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

கவனித்தது யுவஸ்ரீ. லீவில் அன்று மத்தியானம்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் போனைக் காட்டி, நைனாவின் நெஞ்சு எவ்வளவு சீராக ஓடுகிறது பாருங்கள் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். எழுபத்து மூன்று, எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு. அப்புறம் எண் இருந்த இடத்தில் இரண்டு கோடு.

"மாமா, நைனாவுக்கு நாடி நின்னுடுச்சு."

சந்திரா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் கேட்காமலே வண்டியை எடுத்தார். கிருத்திகைக் கூட்டத்தில் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தார். ஆட்டோ நிற்பதற்குள் மூன்று பேரும் குதித்தார்கள். சந்திரா தலைவிரி கோலமாகக் கடைக்குள் ஓடினாள்.

கஜபதி காய்கறிக் கொத்து கொத்திக்கொண்டிருந்தார்.

சந்திரா அப்படியே நின்றாள். பிறகு புருஷனின் முழங்கையைக் கிள்ளிப் பார்த்தாள். சூடாக இருந்தது. அதன் பிறகுதான் அழ ஆரம்பித்தாள். யுவஸ்ரீ நைனாவின் இரண்டு மணிக்கட்டையும் பார்த்தாள். இரண்டும் காலி.

"வாட்ச் எங்க நைனா?"

கஜபதி அலமாரியைப் பார்த்தார். ஜெயம்மா பஜ்ஜி மாவில் முக்குவதற்கு வில்லைகளைத் தண்ணீரிலிருந்து அள்ளினாள். கூடவே வாட்சும் வந்தது. அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை. கூட்டத்தின் நடுவே, தலையைக் குனிந்துகொண்டு, வாழைக்காய் விஷயத்தைக் கஜபதி ஒப்புக்கொண்டார். இரண்டு நாளாக ஒரு வாழைக்காயின் ஆரோக்கியத்துக்காக மலைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்ததும் சந்திராவுக்கு அழுகை நின்றுவிட்டது.

"தாண்டினா இன்னா, நின்னா இன்னா, மூணாவது தடவ இது. சத்தியம் சத்தியந்தான் மாப்ள. சட்டைய மாட்டிக்க" என்றார் வெங்கடேசன்.

யுவஸ்ரீ கத்தவில்லை. அதுதான் கஜபதிக்குத் தாங்கவில்லை.

"நீ போயிட்டா நாங்க இன்னா பண்ணுவோம் நைனா? அத நெனச்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

கஜபதி இரண்டு தகட்டையும் தவா ஓரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தார். பத்தொன்பது வருடத்தில் வேலை நேரத்தில் அவர் அப்படி வைத்ததே இல்லை. பரந்தாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது பார்சலுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு பெண், எட்டாவது ஆள், வரிசையை விட்டு முன்னே வந்தாள். பெயர் துர்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று சொன்னாள். வீட்டில் குழந்தைகள் கொத்து கேட்டு அழும், சீக்கிரம் ஒரு முடிவுக்கு வந்தால் நல்லது என்றாள்.

"மாஸ்டர், வாட்ச எடது கையில கட்டிக்கினு எப்பவும் போல கொத்துங்க. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்று சந்திராவை ஒதுக்கினாள்.

கஜபதி கொத்தினார். சத்தம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. வாட்ச் உதறியது, 176. துர்கா அவர் கழுத்தோரம் இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கால் நிமிஷம் எண்ணினாள். இருபத்தேழு. நாலால் பெருக்கினால் நூற்றெட்டு. பிறகு கழுத்தை விட்டுவிட்டு அவருடைய இடது கை தவாவில் விழுவதைக் கால் நிமிஷம் எண்ணினாள். நாற்பத்து நான்கு. நாலால் பெருக்கினால் நூற்று எழுபத்தாறு.

"நெஞ்சு நூத்தி எட்டுதான் அடிக்குது. உழைக்கறவங்களுக்கு அது சரியான அளவு. இந்த வாட்ச் அவரு நெஞ்ச எண்ணலம்மா, கொத்த எண்ணுது."

கை அசையாமல் இருந்தால் இந்த மாதிரி வாட்ச் ஓரளவுக்கு ஒழுங்காகத்தான் காட்டும் என்று அவள் விளக்கினாள். கை ஒரே சீராக வேகவேகமாக ஆடினால் அந்த ஆட்டத்தையே நாடி என்று எடுத்துக்கொண்டுவிடும். ஓடுகிறவர்களுக்கு ஓட்டத்தை எண்ணும், இவருக்குக் கொத்தை எண்ணுகிறது. வாழைக்காய் மேல் வைத்தால் வாயில் வந்ததைச் சொல்லும். எதற்கும் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து ஈசிஜி எடுத்துவிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், வேலையை விட வேண்டாம் என்று முடித்தாள்.

கஜபதி தவா மேடையைப் பிடித்துக்கொண்டார். ஆறு நாளாக உள்ளே தட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று நின்றது. சாகப்போவதில்லை. நீலச் சட்டை போடவேண்டியதில்லை. அவர் அழுதார், இந்த முறை வெங்காயத்தின் மேல் பழி போடவில்லை. யுவஸ்ரீ நைனாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, தன் போனில் அந்த நூற்று நாற்பதை அங்கேயே அழித்தாள். சந்திரா மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெங்கடேசன் மட்டும் விடவில்லை. ஒரு ஆளை வைத்துச் சொல்லிவிட முடியுமா என்று கேட்டார்.

"நியாயந்தான். வேற ஒருத்தரு கட்டிக்கினு கொத்தட்டும். அவருக்கும் அதே மாதிரி காட்டிச்சுன்னா தெரிஞ்சிடும்" என்றாள் துர்கா.

பரந்தாமனுக்குத் தோள்பட்டை வலி. யுவஸ்ரீ வாட்சை மாமாவின் கையிலேயே கட்டினாள். தகடு பிடிக்கவே தெரியாது என்று அவர் பின்வாங்கினார். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சும்மா தட்டுங்கள் என்று வரிசையில் நின்றவர்களே தள்ளிவிட்டார்கள்.

முதல் நாலு தட்டு கோணல்மாணலாக விழுந்தது. ஐந்தாவதிலிருந்து கை தானாக ஓட ஆரம்பித்தது. பரோட்டா பூவாக உதிர்ந்தது. இடையில் தவா விளிம்பில் ஒரு தட்டு, கஜபதி தட்டுகிற அதே தட்டு. ரோட்டில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதைப் பார்த்ததும் வெங்கடேசனின் முகம் மலர்ந்தது, கை இன்னும் வேகமானது. வாட்ச் உதறியது. 174.

எல்லோரும் சிரித்தார்கள். வெங்கடேசன் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். கை ஓய்ந்துவிட்டதல்லவா, இப்போது காட்டுவது சரியாகத்தான் இருக்கும், ஒரு நிமிஷத்தில் இறங்கிவிடும் என்றாள் துர்கா. அப்படியே தொண்ணூற்றெட்டுக்கு இறங்கியது.

"எங்க கத்துக்கினீங்க?" என்று பரந்தாமன் ஆச்சரியமாகக் கேட்டார்.

"மாப்ள கொத்தறதப் பாத்துப் பாத்து வந்துடுச்சுங்க."

நூற்று ஏழு.

"பாத்தே இவ்ளோ வருமா அண்ணா?" என்றாள் சந்திரா.

நூற்றுப் பதினெட்டு. கை மடியில் ஆடாமல் அசையாமல் இருந்தது. எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. துர்கா குனிந்து அவர் கழுத்தைத் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, இது சரியாகத்தான் காட்டுகிறது, எதற்கு இவ்வளவு படபடப்பு என்று கேட்டாள். வெங்கடேசன் பிளாஸ்திரி ஒட்டின விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

பஜ்ஜித் தட்டோடு வந்த ஜெயம்மாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. யாரும் தன்னைக் கேட்காவிட்டாலும் அன்றைக்கு ஒருமுறை வாயைத் திறந்தாள்.

"இன்னாத்துக்கு இப்டி பயப்படறீங்கண்ணா? ஒரு மாசமா காலைல காலைல வந்து மீந்த பரோட்டாவ வெச்சி நம்ம தவாவுல கத்துக்கினு இருக்கறீங்களே, அப்ப இதே வாட்சு உங்களுக்கும் நூத்தி எழுபதுன்னுதான காட்டிச்சு. பயந்துகினு டாக்டராண்ட ஓடினீங்க, ‘ஒண்ணும் இல்ல, அது கையத்தான் எண்ணுது’ன்னு அவரு சொன்னப்புறந்தான நம்ம மாஸ்டருக்குக் கொண்டாந்து குடுத்தீங்க?"